பெருக்கல் குறி போட்ட ஜன்னல்கள்

நவம்பர் 12, திங்கள்

மழை. விடிந்ததிலிருந்து நிற்கவில்லை. பாவாடை ஈரம், தலை ஈரம், வேதபுத்தகத்தின் ஓரம்கூட ஈரம்.

இன்று முதல் எனக்குப் பசை வேலை. தண்டனை. ஹார்மோனியத்துக்குள் தவளை இருந்ததற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். தவளையும் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் சாலம்மா டீச்சர் என்னைத்தான் பார்த்தார்கள். (இனி இந்தத் தாளில் சா.டீ. சேர்த்து வாசித்தால் சாடி. டீச்சரைச் சாடியில் போட்டு மூடியாயிற்று.)

வேலை இது: அமெரிக்காவில் சபைக்காரர்கள் தங்களுக்கு வந்த படக் கார்டுகளைக் குப்பையில் போடாமல் சேர்த்து வருஷத்துக்கு ஒரு பெட்டி எங்கள் மிஷன் ஸ்கூலுக்கு அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் படம். மறுபக்கம் யாரோ யாருக்கோ எழுதியது. அந்த எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்க வேண்டும். காய்ந்ததும் சா.டீ. அதில் தமிழில் வேத வசனம் எழுதுவார்கள். கிறிஸ்மஸ் பரிசு. போன வருஷம் எனக்கு வந்தது பூனைக்குட்டி. பின்னால் வசனம், பொய் நாவைப் பற்றி. வேண்டுமென்றே.

பசை: மைதா, தண்ணீர், மயில்துத்தம் ஒரு சிட்டிகை. துத்தம் போடாவிட்டால் கரப்பான் தின்னும். போட்டால் நாங்கள் தின்ன மாட்டோம்.

உதவிக்குப் புஷ்பம். ஏழு வயசு. போன மாசம்தான் போர்டிங்கில் வந்து சேர்ந்தாள், ஆம்பூர்த் தோல்ஷாப் லைன், எங்கள் ஊர்ப் பக்கம். சின்ன விரல், மூலைமுடுக்கில் பசை நன்றாகத் தடவுகிறாள். பேச்சு கம்மி. சாப்பாட்டு வரிசையில் எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருவாள். "பக்கத்துல யாரு, ஆனையா?" என்றேன். தட்டைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

நவம்பர் 13, செவ்வாய்

தூறல். முடிந்தது: பூ 22, நாய் 9, பனியில் சறுக்கும் குண்டு ஆட்கள் 4.

பெட்டியின் அடியில் பச்சை ரிப்பன் கட்டிய தனிக் கட்டு. பதினொரு கார்டு. பதினொன்றிலும் கட்டடம். பதினொன்றும் புத்தகசாலை. பதினொன்றும் ஒரே ஊர். ஊரின் பெயர் சின்சினாட்டி. பெண்டாட்டி, மூதாட்டி, சின்சினாட்டி. அரைமணி நேரம் இதையே பாடி சா.டீ.யிடம் குட்டு வாங்கினேன்.

ஒரு புத்தகசாலைக்குத் தூண் வைத்த முகப்பு. ஒன்று கோட்டை மாதிரி, வேலூர்க் கோட்டைக்குத் தம்பி. ஒன்றின் கூரை முழுக்கப் பச்சை. ஒன்றின் வாசலில் ஏறவே ஒருநாள் ஆகும், அத்தனை படி. ஒரே ஊரில் புத்தகம் வைக்க இத்தனை வீடு. எங்கள் ஸ்கூலில் புத்தகத்துக்கு ஓர் அலமாரி. சாவி சா.டீ.யின் இடுப்பில். ஆக எங்கள் புத்தகசாலை நடக்கும், தும்மும்.

ஆனால் ஒன்று. எந்தப் படத்திலும் ஆள் இல்லை. படியில் இல்லை, தெருவில் இல்லை. எல்லாரும் அப்போதுதான் எழுந்து போன மாதிரி.

இன்னொன்று. ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு ஜன்னலில் பென்சிலால் பெருக்கல் குறி. கணக்கு நோட்டில் சா.டீ. போடுகிற அதே குறி. "கட்டடம் தப்பாக் கட்டிட்டாங்களாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சின்னப் பெண்கள் எல்லாம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம். அவர்களுக்கு அந்தக் குறி வேறு.

"அக்கா, இது பிளேக்கு வூடு."

"முனிசிபாலிட்டி ஆளுங்க கதவுல போட்டுட்டுப் போவாங்களே, அது."

"தொடாத, ஒட்டிக்கும்."

புஷ்பம் மட்டும் தொட்டாள். ஒவ்வொரு குறியையும், விரல் நுனியால், வரிசையாக.

ரிப்பன் எனக்கு.

நவம்பர் 14, புதன்

வெயில். எல்லாரும் துணி உலர்த்த, நான் ஒரு யோசனை உலர்த்தினேன்.

தையல் வகுப்பு ஊசி ஒன்று. குறி போட்ட ஜன்னல் ஒவ்வொன்றிலும் நாலைந்து குத்து. கார்டைக் கிழக்கு வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்தால், செத்துக் கிடக்கிற கட்டடத்தில் அந்த ஒரு ஜன்னல் மட்டும் எரிகிறது. நானே குத்தினேன், எனக்கே முதுகு சில்லிட்டது. அது வேறு விஷயம்.

சின்னப் பெண்களை வரிசையில் நிறுத்திக் காட்டினேன். "உள்ள ஒரு அமெரிக்காக்காரம்மா. எவ பல்லு தேய்க்கலயோ அவளையே பாக்கும்."

ஒருத்தி கார்டைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒருத்தி அங்கேயே பல் தேய்க்கத் தொடங்கினாள், விரலால். நல்ல அறுவடை.

புஷ்பம் ஓடவில்லை. கண்ணோடு கண்ணாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூண் வைத்த கட்டடம் அது.

"உள்ள வெளக்கு ஏத்திக்கீறாங்களா அக்கா?"

"ஆமா. சமையல் நடக்குது."

"இன்னா சமையல்?"

"கூழு."

சிரித்தாள். இந்த ஒரு மாசத்தில் முதல் தடவை. முன்பல் ஒன்று இல்லை. எனக்கு ஒரே பெருமை. தவளைக்குப் பிறகு என் கைவரிசையில் இதுதான் உத்தமம் என்று எழுத நினைத்தேன். எழுதியும்விட்டேன்.

நவம்பர் 15, வியாழன்

மேகம். நான் செய்யாத ஒரு விஷமம் நடந்திருக்கிறது.

செவ்வாய் மாலையே அந்தக் கார்டுகளுக்குத் தாள் ஒட்டியாயிற்று. சா.டீ. நேற்று ஆறு கார்டில் வசனமும் எழுதி முடித்தார்கள், கறுப்பு மசியில், முத்து முத்தாக. இன்று பார்த்தால் வெள்ளைத் தாளில் ஊதா எழுத்து கிளம்பியிருக்கிறது. வசனத்துக்கு நடுவே. ஒரு கை எழுதியதன்மேல் இன்னொரு கை. மேலே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் நாலு: நெல். அரிசி இல்லை, ஆள் பெயர்.

"ஞானம், இங்க வா. இது இன்னா வேலை?"

"நான் இல்ல டீச்சர்."

"தவளையா?"

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. தபாலாபீசில் நூல் கட்டித் தொங்கவிடுவார்களே, எச்சில் தொட்டால் ஊதாவாகிற பென்சில். அதால் எழுதியிருக்கிறார்கள். பசை ஈரத்தில் எழுத்து கரைந்து தாளுக்குள் ஏறியிருக்கிறது. சொன்னேன். சா.டீ. நம்பவில்லை. "எல்லாத்தயும் கஞ்சி ஆவியில காட்டி உரி. புதுத் தாள் ஒட்டு. இந்த முறை பசை கெட்டியா" என்று உத்தரவு. ரெண்டாம் தண்டனை.

விவரமாகக் காரணம் தெரிந்தாலும், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இன்னும் ரெண்டு எழுத்து மேலே வந்திருப்பது நன்றாக இல்லை.

மாலை. தூண் கட்டடத்துக் கார்டைக் காணோம். புஷ்பத்தின் பாயடியில் இருந்தது. அதோடு ஞாயிற்றுக்கிழமை கொடுத்த வெல்ல ரொட்டி, முழுசாக, எறும்போடு.

"யாருக்குடி இது?"

"அம்மாக்கு."

"அம்மா இதுக்குள்ளயா இருக்காங்க?"

"எங்க வூட்டுக் கதவுலயும் இதான் போட்டாங்க. அம்மா உள்ள படுத்துனு இருந்தாங்க. பக்கத்து வூட்டு பீபீம்மா என்னத் தூக்கினு வந்துட்டாங்க." கார்டைத் திருப்பி எனக்குக் காட்டினாள். "குறி கீது பாரு. அப்ப உள்ளதான் கீறாங்க. நீயே சொன்ன, கூழு காய்ச்சறாங்கன்னு."

எறும்பைத் தட்டிவிட்டு ரொட்டியைத் திரும்ப வைத்தேன்.

நவம்பர் 17, சனி

பார்வை நாள். அப்பா வந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை, கை ரெண்டும் வெளுத்து வெடித்திருக்கிறது. வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு பொட்டலம்.

"இன்னாம்மா ஞானம், தவளைக்குப் பாட்டு கத்துக் குடுத்தியாமே?"

"சுதி சேரல அப்பா."

கோட்டை மாதிரிப் புத்தகசாலையைக் காட்டினேன். இங்கிருந்து கப்பலில் போகிற ஆட்டுத்தோலில் பாதி, புத்தகத்துக்கு அட்டை போடத்தான் என்று மேஸ்திரி சொல்வாராம். ஆக நம்மூர் ஆடு அங்கே அலமாரியில் நிற்கிறது. பாலாற்றங்கரையில் மேய்ந்தது, செத்த பிறகு இங்கிலீஷ் படிக்கிறது. அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்பா சட்டையின் வாசனைக்கு மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குத் தெரியாமல், எனக்குத் தெரியும்படி. புஷ்பம் எங்கிருந்தோ வந்து அப்பாவுக்கு மிகக் கிட்டே நின்றாள். சட்டைக்கு நேரே மூச்சை இழுத்தாள். மல்லாட்டை கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பா குரலை இறக்கினார். "இது நம்ம லைன் கொழந்த இல்ல? அவங்கம்மா போய்ட்டாங்களே."

"எங்க?"

"எங்கன்னு கேக்குற. பிளேக்கு கேம்ப்புக் கொட்டாய்லயே முடிஞ்சிபோச்சு. மூணு வாரம் ஆவுது. இங்க சொல்லலியா?"

உரித்த மல்லாட்டையைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டேன். கூழ் என்று ஏன் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா. அவள் அம்மா காய்ச்சவே காய்ச்சாத ஏதாவது.

நவம்பர் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து சா.டீ.யிடம் போனேன். கேட்டேன். முதலில் "யார் சொன்னது", பிறகு "சத்தம் போடாத", பிறகுதான் பதில், ஸ்கூலை நடத்துகிற வெள்ளைக்கார அம்மாவின் பெயரில்.

"துரைசானியம்மா சொல்லியிருக்காங்க. கிறிஸ்மஸ் முடியட்டும். பரிசு வாங்கற நேரத்துல சின்னப் புள்ள மனச ஏன் ஒடைக்கணும்?"

"அது தெனம் ரொட்டி எடுத்து வைக்குது டீச்சர்."

"வச்சா வைக்கட்டும். நீ வாய மூடினு இரு. அப்டியே சொன்னாலும் உன்ன நம்பாது."

மதியம் சொல்லிவிட்டேன். கிணற்றடியில், நேராக. "புஷ்பம், அந்தப் படத்துல உங்கம்மா இல்ல. உங்கம்மா செத்துட்டாங்க."

புஷ்பம் சிரித்தாள். ரெண்டாம் தடவை.

"பொய்யி. நீ பொய்தான் சொல்லுவ."

நான் புஷ்பத்திடம் இதுவரை சொன்னவை:
கிணற்றில் முதலை இருக்கிறது, உருது பேசும்.
மணி அடிப்பது மணிக்காரர் இல்லை, வௌவால்.
பாலாற்றில் தண்ணீர் இல்லாததற்குக் காரணம் துரைசானி குளிப்பது.
ஜன்னல், விளக்கு, கூழ்.
உன் அம்மா செத்துவிட்டாள்.

இந்த வரிசையில் ஐந்தாவது மட்டும் நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்?

நவம்பர் 20, செவ்வாய்

மழை. சமையற்கட்டில் கஞ்சி ஆவியில் கார்டுகளை உரித்தேன். நேற்று நாலு, இன்று ஏழு, புஷ்பத்தின் பாயடியில் இருந்ததையும் சேர்த்து. தாள் தானாகக் கழன்று வருகிறது, வெயிலில் உரிகிற தோல் மாதிரி.

அடியில் இருந்த எழுத்து கலங்கியிருந்தாலும் படிக்க வந்தது. மூலையில் எண் போட்டிருக்கிறது, ஒன்றிலிருந்து பதினொன்று வரை. நுணுக்கி எழுதிய கை. கையெழுத்து ஒரே எழுத்து, ஈ. தெரிந்த இங்கிலீஷில் எனக்குப் புரிந்தபடி:

1. நெல், நீ படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார் டாக்டர். ஆகவே ஊரிலுள்ள எல்லாப் புத்தகசாலைக்கும் நான் போய் உனக்கும் சேர்த்து உட்காரப் போகிறேன். குறி போட்டது நம் ஜன்னல். பக்கத்து நாற்காலியில் என் தொப்பி. கேட்டால் ஆள் வருகிறது என்பேன். உன் அக்கா, ஈ.

3. ஒரு கிழவர் நாற்காலியைக் கேட்டார். தங்கை வருகிறாள் என்றேன். முறைத்துவிட்டு இருமினார். உன் இருமலுக்கு உறை போடக் காணாது.

5. பனி. அடுத்த மாசம் நீயே வந்துவிடுவாய்.

ஐந்து வரைக்கும் தபால்தலை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஏதோ காசநோய் ஆஸ்பத்திரியின் விலாசம் இருக்கிறது. ஆறிலிருந்து தலை இல்லை. விலாசம் இல்லை. நெல் என்று மட்டும்.

6. இன்றும் தொப்பியை வைத்தேன்.

8. யாரும் கேட்கவில்லை.

10. கதவு சாத்துகிறவர் கேட்டார், ஆள் வருமா என்று.

ஆவி முகத்தில் அடிக்க அடிக்கப் படித்தேன். சாப்பாட்டு வரிசையில் புஷ்பம் விடுகிற அந்த ஓர் ஆள் இடம் நினைவுக்கு வந்தது. ஆனையா என்று கேட்டவள் நான்.

பதினொன்றாவது, பச்சைக் கூரை. திருப்பிப் பார்த்தேன். அதில் குறியே இல்லை. பதினொன்றிலும் இருக்கிறது என்று நான் எழுதியது தப்பு. ஊசி எங்கே குத்தினேன் என்று தேடினேன். ஒரு ஜன்னலில் குத்தியிருக்கிறேன். அங்கே குறி இருந்ததாகத்தான் இப்போதும் ஞாபகம்.

11. நெல், இன்று ஒரு சின்னப் பெண் வந்து நாற்காலியைக் கேட்டாள். தொப்பியை எடுத்தேன். உட்கார்ந்தாள். இதில் குறி போடவில்லை.

நவம்பர் 22, வியாழன்

மழை விட்டு விட்டு. புதுத் தாள் ஒட்ட வேண்டிய நாள். ஒட்டிவிட்டால் இதை இனி யாரும் படிக்கப் போவதில்லை. பசை அறையில் நானும் புஷ்பமும்.

பதினொன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் இப்படி வாசித்ததில்லை.

ஐந்து வரை கேட்டாள். ஆறில் நிறுத்தினாள்.

"இதுல ஏன் தலை ஒட்டல?"

"ஒட்டல."

"ஒட்டாம எப்டிப் போவும்?"

"போவாது."

"அப்ப ஏன் எழுதுது?"

எனக்கு வழக்கமாக இந்த இடத்தில் ஒன்று வரும். வரவில்லை. "போவாதுன்னு தெரிஞ்சேதான் எழுதுது" என்றேன்.

மீதியையும் வாசி என்றாள். வாசித்தேன். வெளியே யாரோ கிணற்றில் வாளி விட்டார்கள்.

"அந்த நெல்லு அக்கா செத்துட்டாங்க." அவள்தான் சொன்னாள். நான் இல்லை.

"ஆமா."

"எப்ப?"

"அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல."

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே தரையில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"எங்கம்மா?"

"நீ இங்க வந்து கொஞ்ச நாள்ல. கேம்ப்புக் கொட்டாய்ல. எங்கப்பா சொன்னாரு."

என் முகத்தையே பார்த்தாள். முதலில் கண், பிறகு வாய், வாயின் ஓரம். சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறாள். தேடட்டும் என்று அசையாமல் இருந்தேன். இத்தனை நேரம் நான் எதற்கும் அசையாமல் இருந்ததில்லை.

"நீ சிரிக்கல" என்றாள்.

அழுகை பிறகுதான் வந்தது. சத்தம் இல்லாமல், விக்கல் மாதிரி. என் பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பசைக் கிண்ணத்தை இழுத்து மூலைகளில் தடவ ஆரம்பித்தாள். பதினொன்றுக்கும் ஒட்டினோம். கெட்டியாக. நான் அழுத்தினேன், அவள் தேய்த்தாள்.

நவம்பர் 23, வெள்ளி

புஷ்பத்துக்குச் சொல்லியாயிற்று என்று சா.டீ.யிடம் சொல்லிவிட்டேன். அடி இல்லை. அதைவிட மோசம், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். "நம்புச்சா?" என்று கேட்டார்கள். நம்பியது என்றேன். வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்கள். சாடியின் மூடி கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது.

இன்று புஷ்பம் பாதிதான் சாப்பிட்டாள். ரொட்டி எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 26, திங்கள்

ஊதா இன்னும் கிளம்பவில்லை. பசை பிடித்துக்கொண்டது. தினமும் போய்ப் பார்க்கிறேன். எது வரும் என்று எதிர்பார்க்கிறேனோ.

சாப்பாட்டு வரிசையில் அந்த இடத்தை இன்னும் விடுகிறாள். இன்று புதுசாக வந்த ஒருத்தி தட்டோடு அங்கே உட்காரப் போனாள். "வேற எடம் பாரு" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கனவில் தூண் கட்டடம். நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும். ஆடுகள் வரிசையாக நின்று படிக்கின்றன. சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 1, சனி

நல்ல வெயில். கிறிஸ்மஸுக்கு முன் துரைசானி வந்து பார்ப்பார்களாம், எல்லாருக்கும் துப்புரவு வேலை. எனக்குப் படுக்கை ஹாலின் ஜன்னல்கள். பன்னிரண்டு. ஈரத் துணி, பழைய தாள், ஏணி.

ஒன்பதாவது ஜன்னல் புஷ்பத்தின் பாய்க்கு நேர் மேலே. கண்ணாடியில் சாக்கட்டியால் பெருக்கல் குறி. ரெண்டு கோடும் கோணல். ஏதோ பெட்டியில் ஏறி நின்று போட்டிருக்கிறாள், எட்டின இடம் வரை.

கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா?"

"ம்."

"எதுக்கு?"

"எத்தினி ஜன்னல் கீது பாரு. அம்மா தேடினா எதுன்னு தெரிய வாணாமா?"

செத்துவிட்டாள் என்பதை மறந்துவிட்டாளோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். மறக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வெளியே போய் முற்றத்திலிருந்து பார்த்தேன். வெளியிலிருந்தும் அதே குறிதான். பெருக்கல் குறிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது. வெயில் கண்ணாடியில் பட்டு அந்த ஒரு ஜன்னல் மட்டும் எரிகிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை நான் ஊசி எடுக்கவில்லை.

மற்ற பதினொன்றையும் துடைத்தேன். பளபளவென்று.

சாயந்திரம் சா.டீ. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒன்பதாவதில் நின்றார்கள்.

"இத ஏன் வுட்ட?"

"உள்ள ஆள் இருக்குது டீச்சர்."

என் முகத்தைப் பார்த்தார்கள். சிரிக்கிறேனா என்று.